மூக்கில் வைத்த பொட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் நுழைந்துவிடுவேன். ஞாபகமும் முன்பு மாதிரி நிற்பதில்லை. மூக்குக் கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மருமகளைத் திட்டுகிறவள் நான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். அதனால்தான், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டபோது முடியாது என்றேன். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதற்கும் முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நீங்கள் எல்லாம் விமானம் செய்யப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் பெருக்கித் துடைத்து, டீ போட்டு, பறக்கவிடும் நாளில் வேனில் சாமானோடு சாமானாக ஏறிப் போய் வந்தவள். விமானத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இறக்கை எது, வால் எது என்று தெரியும். திருப்பி வைத்தால் அதுவும் குழம்பிவிடும். ஆனால் விமானம் செய்கிறவர்களை இருபது வருடத்துக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாதி நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது மேடத்தைப் பற்றி. ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர். பேர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "பேர் போட்டா நீங்க நல்லதா மட்டும் எழுதுவீங்க கன்னியம்மா" என்றார். அதனால் மேடம் என்றே எழுதுகிறேன்.

மேடம் எங்கெங்கோ பெரிய இடங்களில் ராக்கெட் வரைக்கும் பார்த்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தவர். அப்போது நம் இடம் ஒரு ஷெட்தான். ஒரு பக்கம் நம் முதலாளியின் பம்பு பாகம் கடைகிற பட்டறை. இன்னொரு பக்கம் பிஸ்கட் கம்பெனி. மதியம் மூன்று மணிக்கு மேல் பிஸ்கட் வேகிற வாசனை வந்தால் இஞ்சினியர்கள் யாருக்கும் கணக்கு ஓடாது. மேடத்துக்கு மட்டும் ஓடும். அவருக்கு மூக்கே இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

ஷெட்டில் காற்றுச் சுரங்கம் என்று ஒரு நீளப் பெட்டி இருந்தது. இப்போது இருக்கிறது அதற்குத் தம்பி. ஒரு முனையில் பெரிய விசிறி, நடுவில் சின்ன விமானத்தை மாட்டிவைத்துக் காற்றை அடித்துப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் இஞ்சினியர் அருண் தம்பியும் மற்றவர்களும் நனைந்து வந்து, சட்டையை அதற்குள் மாட்டி மெல்லக் காற்று வைத்துக் காயப்போட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் மேடம் பார்த்துவிட்டார். விசிறியை முழு வேகத்துக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். அருணின் சட்டை பறந்து போய், கடைசியில் இருக்கிற கம்பி வலையில் கையிரண்டையும் விரித்து ஒட்டிக்கொண்டது. பனியனோடு அருண் நிற்கிறார். மேடம் திரும்பி வந்து, சட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காலர் ரொம்ப காத்தைப் புடிக்குது அருண். அடுத்த தடவை இஸ்திரி போட்டு மாட்டுங்க."

அதற்குப் பிறகு மேடம் என்றால் எல்லோருக்கும் ஒரு பயம், ஒரு பக்தி. அவர் செய்தால் காரணம் இருக்கும், அவருக்குத் தெரியாதது இல்லை என்று ஆகிப்போனது. "மேடத்துக்குத் தெரியும்" என்பது ஷெட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால்கூட மேடத்துக்குத் தெரியும் என்பார்கள். இதில்தான் வினை இருந்தது. அதற்கு வருகிறேன்.

அந்தச் சமயம் ஆள் இல்லாமல் பறக்கிற விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். விரித்தால் ஒரு கட்டில் அகலம் இருக்கும். மழை வெள்ளத்தில் ஏரிக்கரை எங்கே உடைந்தது என்று மேலே போய்ப் பார்த்துப் படம் எடுத்து வருவது அதன் வேலை. அதற்கு முன்னால் செய்த ரெண்டும் விழுந்துவிட்டன. ஒன்று பருத்திப்பட்டு ஏரியில் விழுந்தது. ஏரியைப் படம் எடுக்கப் போனதுதான், ரொம்பப் பக்கத்தில் போய் எடுத்துவிட்டது.

இப்போது மூன்றாவது. முதலாளி மேடத்தைக் கூப்பிட்டுப் பேசினார். நான் டீ வைக்கப் போனேன். என்னைக் கண்டால் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

"மேடம், நானும் பாத்துக்கினே கீறேன். விஜயதசமி அன்னைக்கு வெள்ளம் பாக்குற ஆபீஸ்லேர்ந்து மூணு பேர் வராங்க. அவங்க வாங்கிக்கிறேன்னு சொன்னா ஆராய்ச்சி இருக்கும். இல்லாங்காட்டி ஷட்டரை இறக்கிட்டு, பார்ட்ஸ் கடையிற வேலையோட நிறுத்திக்கிறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"தப்பா நெனைக்கல சார்" என்றார் மேடம். "பறக்கும்."

வெளியே வந்ததும் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆராய்ச்சிப் பிரிவை மூடினால் அருண், சின்ன இஞ்சினியர் சுகந்தி பாப்பா எல்லோரும் வேறு வேலை தேட வேண்டும். நானும்தான். பட்டறைக்காரர்கள் வாசலில் இருக்கிற கடையில் டீ குடிக்கிறவர்கள், அவர்களுக்கு நான் வேண்டாம்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு நம் ஷெட்டில் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. மெஷின், ஸ்பேனர், கம்ப்யூட்டர், டீ கேன், மேடத்தின் நாற்காலி எல்லாவற்றுக்கும் உண்டு. சந்தனம் கரைப்பது என் வேலை. நான் கெட்டியாகக் கரைப்பேன். தண்ணீராக இருந்தால் வழிந்து, மெஷின் அழுத மாதிரி ஆகிவிடும்.

மேடத்துக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் விமானத்துக்குப் பொட்டு மேடம்தான் வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மேடம் சந்தனக் கிண்ணத்தோடு விமானத்தின் முன்னால் நின்றார். ஒரே கற்பூரப் புகை. முதலாளி பக்கத்தில் நின்று, நாளைக்கு வருகிறவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள், எந்தக் கார், என்ன சாப்பிடுவார்கள் என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார்.

"எங்க வைக்கணும் கன்னியம்மா?" என்று மேடம் கேட்டார்.

"நெத்தில வைங்க மேடம்."

"இதுக்கு நெத்தி எது?"

எனக்கு எப்படித் தெரியும். மேடம் அதை ஓர் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். முன்னாலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். "எது எல்லாத்துக்கும் முன்னால வருதோ அதான் நெத்தி" என்று சொல்லி, முன்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த குழாயின் நுனியில் நல்ல உருண்டையாகச் சந்தனத்தை வைத்து அழுத்தினார். அதன் மேல் குங்குமம். கேக் மேல் செர்ரிப் பழம் வைத்த மாதிரி அழகாக இருந்தது.

அந்தக் குழாய் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் அப்போது தெரியாது. நுனியில் ஓர் ஓட்டை இருக்கிறது. எதிர்க்காற்று அந்த ஓட்டைக்குள் போனால்தான், தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று விமானத்துக்குத் தெரியும். ஷெட்டில் அதை மூக்கு என்பார்கள். மேடம் மூக்கை அடைத்துவிட்டார்.

சுற்றி எட்டு இஞ்சினியர்கள் நிற்கிறார்கள். எட்டுப் பேருக்கும் அது ஓட்டை என்று தெரியும். அந்த ஓட்டையைப் போட்டதே அவர்கள்தான். ஷெட்டில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. எல்லோரும் ரொம்ப பக்தியாக நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை வேனில் கிளம்பினோம். வெள்ளானூரைத் தாண்டி பிளாட் போட்டு விற்காமல் கிடந்த இடம் ஒன்று. வீடு ஒன்றும் வரவில்லை. தார் ரோடு மட்டும் நேராக, பளபளவென்று போட்டு வைத்திருந்தார்கள். அதுதான் நமக்கு ஓடுபாதை. ரெண்டு பக்கமும் பிளாட் நம்பர் கல். கல்லுக்குக் கல் ஓர் ஆடு.

முதலாளி எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். புது வண்டி முதலில் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்றார். விமானத்துக்கு மூன்று சக்கரம். சக்கரம் ஒவ்வொன்றும் பூரி அளவு. பழம் நல்ல நாட்டுப் பழம், கொழுத்து இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். விமானம் பழத்தில் முட்டி நின்று, திரும்பி, ஆட்டைப் பார்த்தது.

"ஏறாது சார்" என்றார் அருண்.

"ஏறாம எப்டி? என் லாரி ஏறுதே."

"லாரி வெயிட்டு வேற சார்."

மேடம் அப்போது வருகிறவர்களை எதிர்கொள்ள வாசல் பக்கம் போயிருந்தார். எட்டுப் பேரும் உட்கார்ந்து பழத்தை ஆராய்ந்தார்கள். கடைசியில் விமானத்தைத் தூக்கி, மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று பழம் வைத்து இறக்கினார்கள். வெயிட்டில் நசுங்கிவிடும் என்று நினைப்பு. பழம் நசுங்கவில்லை. விமானம் பழத்தின் மேல் ஜம்மென்று நின்றது. அன்றைக்கு அது முதலில் எழும்பியது எலுமிச்சம்பழ உயரத்துக்குத்தான்.

மேடம் திரும்பி வந்து பார்த்தார். "நசுங்கணும், அவ்ளோதானே சார்? பாதியா வெட்டி, வெட்டின பக்கம் கீழ வைங்க." நான் வெட்டிக் கொடுத்தேன். சக்கரம் ஏறி இறங்கியது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பார்த்தாயா, மேடத்துக்குத் தெரியும்.

வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். அதில் மூத்தவர் பேண்ட்டை மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டு, பேசாமல் எல்லாவற்றையும் பார்க்கிறவர். அவர்களை நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

கிளப்புவதற்கு முன்னால் மூக்கைச் சோதிப்பார்கள். குழாய்க்கு எதிரே மெதுவாக ஊதினால், சுகந்தி பாப்பாவின் கம்ப்யூட்டரில் எண் ஏறும். காலையிலேயே அருண் பொட்டைத் துடைத்துவிட்டார். ஆனால் அவர் துடைத்தது வெளியே. உள்ளே போய் ராத்திரி முழுக்கக் காய்ந்தது உள்ளேயே இருந்தது. அருண் ஊதினார். எண் பூஜ்யம். இன்னும் கொஞ்சம் ஊதினார். பூஜ்யம். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. மேடத்துக்குத் தெரியாமல் ஊதியே வெளியேற்றிவிடலாம், அவர் மனசு சங்கடப்பட வேண்டாம் என்று நினைத்தார். கண்ணைக் காட்டினார். அடுத்தவர் வந்து குனிந்து ஊதினார். அதற்கடுத்தவர் வந்தார். வரிசை கட்டிவிட்டார்கள். கன்னம் உப்பி, முகம் சிவந்து, ஒவ்வொருவராகக் குனிந்து நிமிர்கிறார்கள்.

நாற்காலியில் இருந்த மூத்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டார். "ஏங்க, எல்லாரும் வரிசையா வந்து முத்தம் கொடுக்கறாங்களே, இதுவும் பூஜையில சேர்ந்ததா?"

முதலாளி விமானத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். "எங்க வழக்கம்."

பிறகு விறுவிறுவென்று மேடத்திடம் வந்தார். "இன்னா மேடம் நடக்குது இங்க? ராகு காலம் வந்துகினே கீது. அதுக்கு முன்னால கெளப்புங்க."

மேடம் விமானத்திடம் போனார். "என்ன பண்றீங்க?"

"செக் பண்றோம் மேடம்."

"எட்டு பேருமா?"

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பூஜ்யம்.

அருண் சொன்னார்: "மேடம், ஸ்பீடு காட்டலைன்னா பரவால்ல. நான் கீழ நின்னு கண்ணால பாத்து ரிமோட்ல கையாலயே ஓட்டிடறேன். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "அதான் சொல்றாருல்ல. ஓட்டட்டும் மேடம். அவங்க இன்னா உள்ள வந்து மீட்டரையா பாக்கப் போறாங்க?"

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிற்கச் சொல்கிறேன் பிள்ளைகளே. ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் நாற்காலியில் மூன்று பேர், ஒரு பக்கம் ராகு காலம். இன்றைக்குப் பறக்கவில்லையென்றால் ஷட்டர். மேடம் தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"ஏன் காட்டலைன்னு தெரிஞ்சா, ஓட்டலாமா வேணாமான்னு யோசிக்கலாம். தெரியாம அனுப்ப மாட்டேன். ஏன் காட்டல?"

ஆடு கத்தியது. சுகந்தி பாப்பாவின் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"மேடம், நேத்து பொட்டு வச்சீங்கல்ல."

"ஆமா."

"அது ஓட்டைல வச்சீங்க மேடம்."

மேடம் குழாயைப் பார்த்தார். நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நான் வச்சப்ப யார் யார் பாத்தீங்க?"

எட்டுக் கையும் எழுந்தது. பள்ளிக்கூடம் மாதிரி.

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் வச்சீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஒருவர். "பூச்சி போகாம அடைச்சு வைக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "ஏதோ புது எக்ஸ்பெரிமென்ட்டுன்னு நெனச்சேன் மேடம். ராத்திரி வீட்ல உக்காந்து அது என்னவா இருக்கும்னு கணக்கு கூடப் போட்டுப் பாத்தேன்" என்றார். அவர் நிஜமாகவே போட்டிருந்தார். விடையும் வந்திருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க கன்னியம்மா?"

"நல்லா இருந்துச்சு மேடம்" என்றேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். என் வளையலில் எப்போதும் ரெண்டு ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றி நீட்டினேன். "வேணாம், குத்தினா இன்னும் உள்ள போயிடும்" என்றார் மேடம். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக அந்த மூன்று பேரிடம் நடந்தார். முதலாளி பின்னாலேயே ஓடினார். "மேடம், வேணாம். பேட்டரின்னு சொல்லிடலாம். வெயில்னு சொல்லிடலாம்."

மேடம் சொன்னது இதுதான். "வேகம் காட்டற குழாய் அடைச்சிருக்கு. அடைச்சது நான்தான். நேத்து பூஜையில அதுல சந்தனம் வச்சிட்டேன். வேற குழாய் அம்பத்தூர்ல இருந்து வரணும். வந்தப்புறம்தான் பறக்கவிடுவேன். நீங்க காத்திருக்க முடியாதுன்னா எனக்குப் புரியும்."

மூத்தவர் கேட்டார். "அது இல்லாம பறக்காதா?"

"ஒருவேளை பறக்கும் சார்."

"அப்புறம் என்ன?"

"அந்த ஒருவேளையை நான் உங்களுக்கு விக்க வரல."

அவர் பேண்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார். எழுந்து போவார் என்று நினைத்தேன். நாற்காலியை நிழல் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

மேடம் ஸ்டோர்சுக்குப் போன் போட்டார். அங்கே பாஷா பாய். பூந்தமல்லிக்காரர். ஸ்டோர்சில் ஒரு நட்டு குறைந்தாலும் சாப்பிட மாட்டார். ஸ்பீக்கரில் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"பாய், அவசரமா ஒரு மூக்கு வேணும்."

"யாருக்கு மேடம்?"

"விமானத்துக்கு. உடனே எடுத்துக்கிட்டு வாங்க."

அதுவரைக்கும் மூன்று பேரையும் உட்காரவைப்பது என் பொறுப்பு என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பேச வராது. என்னிடம் இருந்தது முந்தின நாள் மிஞ்சிய பொரி மட்டும்தான். மூட்டையாக இருந்தது. பொரி, கடலை, வெல்லம் போட்டுக் கொடுத்தேன். தட்டு காலியானதும் மறுபடி போட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவர் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அங்கே ஆடு வந்து நின்றது.

ராகு காலம் பிறந்து நன்றாக உட்கார்ந்த பிறகு பாஷா பாய் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பேண்ட்டு முட்டிவரைக்கும் பூசணிக்காய்.

"இன்னா மேடம் ஊர் இது. ஆவடி ரோடு பூரா பூசணிக்கா ஒடைச்சு வச்சிகிறானுங்கோ. வண்டி வயுக்கிகினே வந்துச்சு. ரெண்டு தபா வுயுந்தேன். மூக்கு பத்திரமாத்தான் கீது."

சட்டைப் பைக்குள்ளிருந்து புது மூக்கை எடுத்தார். எல்லோரும் பார்த்தோம். நுனியில் சரியாக ஓட்டைக்கு நேரே சந்தனமும் குங்குமமும் இருந்தது.

சுகந்தி பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்டோர்சில் இருந்த பொருளுக்கெல்லாம் முந்தின நாள் பொட்டு வைத்தது நான்தான். மேடம் நெற்றி என்று காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, போய் அங்கேயும் அதே மாதிரி வைத்திருந்தேன்.

பாஷா பாய் எங்கள் முகத்தைப் பார்த்தார். "இன்னா எல்லாரும் பேயறைஞ்சா மாதிரி நிக்கிறீங்கோ?" என்றார். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று பொட்டோடு கழன்று வந்தது. உள்ளே குழாய் பளிச்சென்று இருந்தது.

"வருசா வருசம் பூஜை முடிஞ்சா சந்தனத்தைச் சொரண்டறது யாரு? நான்தான். அதான் கன்னிம்மா தட்டைத் தூக்கிகினு வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் கவரைப் போட்ருவேன். அதுவும் சந்தோசமா வச்சிட்டுப் போவும், எனுக்கும் வேலை மிச்சம்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா பாய்?" என்றேன்.

"சொன்னா நீ அழுவியேம்மா."

மூக்கை மாற்றினார்கள். அருண் ஊதினார். எண் ஏறியது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள்.

நட்டநடு ராகு காலத்தில் விமானம் கிளம்பியது. முதலாளி காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அது தார் ரோட்டில் ஓடி, மெல்ல எழும்பி, பனைமர உயரம் போய், ஏரிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது. நடுவில் காற்று ஒன்று ஓங்கி அடித்தது. என் முந்தானை பறந்தது, பொரித் தட்டு பறந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுகந்தி பாப்பா எண்ணைக் கூவிக் கூவிச் சொல்ல, அருண் அதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் அது நேராயிற்று. பிறகு இறங்கி ஓடிவந்து, பாதி எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் நின்றது. நான் மேடத்திடம் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன், அவர் அதைக் கவனிக்காமல் விமானத்திடம் போய் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அருண் என்னிடம் சொன்னார், அந்தக் காற்றில் எண் தெரியாமல் கண்ணால் மட்டும் ஓட்டியிருந்தால் விமானம் ஏதாவது ஒரு பிளாட்டில் குடியேறியிருக்கும் என்று.

மூத்தவர் எழுந்து வந்து முதலாளியின் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "முடிஞ்சுது, கண்ணைத் திறங்க. வாங்கிக்கறோம். ஏரிக்கு வந்து ஒரு தடவை காட்டணும். அந்தம்மா வரணும்" என்று மேடத்தைக் காட்டினார். "ஆனா பொரி வேணாம்."

ஷட்டர் இறங்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

மறுநாள் எல்லோரும் திட்டு வாங்கத் தயாராக வந்தார்கள். மேடம் திட்டவில்லை. "என்னைப் பாத்து வாயை மூடிக்கிற எட்டு பேரை வச்சுக்கிட்டு நான் எதைப் பறக்கவிட்டாலும் விழும்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு விதி போட்டார். இனிமேல் பறக்கவிடும் முன்னால் ஒவ்வொருவரிடமும், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். எல்லோரும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. யார் ரொம்பப் பேசாதவரோ அவர்தான் கடைசி. அவர் வாய் திறக்கிறவரைக்கும் விமானம் நகராது.

அந்தக் கடைசி ஆள் நான்.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வேன். பத்து இருபது பேர், சில நாள் வெளியாட்கள், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "கன்னியம்மா, சொல்ல ஏதாவது இருக்கா?" எனக்கு வேர்த்துக் கொட்டும். "ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று சொல்வதற்குள் பேட்டரியில் பாதி தீர்ந்துவிடும் என்று அருண் கிண்டல் செய்வார். வருடக்கணக்கில் அதைத்தான் சொன்னேன். ஒன்றும் இல்லீங்க மேடம்.

ஒரே ஒரு நாள் வேறு சொன்னேன். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்த நாள். மேடம் கேட்டார். எல்லோரும் பார்க்கிறார்கள். முந்தானையை முழுசாகத் திருகி முடித்துவிட்டேன், இன்னும் திருக ஒன்றும் இல்லை.

"மேடம், நீங்க காலுக்கு ஒரு செருப்பு போட்டுகினு வந்துகீறீங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் செத்தேன். மேடம் குனிந்து காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு வந்தவர்களிடம் சொன்னார்: "ரெண்டு நாளா எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நான் சரியா தூங்கல. என் கால்ல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. இன்னைக்கு நான் முடிவெடுக்கக் கூடாது. நாளைக்குப் பறக்கவிடலாம்."

வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்குப் பறந்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. மறுநாள் ரெண்டு காலிலும் கறுப்பு. பறந்தது.

நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு எல்லோருமாக மாலை போட்டார்கள். மேடம் எல்லோர் முன்னாலும், "கன்னியம்மா, சொல்ல ஏதாவது இருக்கா?" என்றார். அப்போது சொல்ல நிறைய இருந்தது. பழக்கதோஷத்தில் "ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, திருநின்றவூர் வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதினேன்.

இதில் எது எத்தனை பேர், பழம் மூன்றா நாலா, பாஷா பாய் விழுந்தது ரெண்டு தடவையா என்பதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அச்சுக்குப் போகும் முன்னால் யாராவது ஒருவர் அருணிடமும் சுகந்தியிடமும் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். வயசானவள் எழுதியிருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று எட்டுப் பேரும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.